காய்ந்த ரோஸ்மேரியை அப்படியே தூவாதீர்கள்
ஓவனில் சுடும் இத்தாலிய உருளைக்கிழங்குக்கு உயிரே ரோஸ்மேரி என்ற மணமூட்டும் மூலிகை இலைதான். பச்சை இலை 1 மேசைக்கரண்டி என்றால் காய்ந்தது 1 தேக்கரண்டி போதும். கூடினால் கற்பூர நெடியும் கசப்பும் ஏறிவிடும். காய்ந்த இலை ஊசிபோல விறைப்பானது, வெந்த பிறகும் வாயில் குத்தும். எனவே கல்லுப்புடன் இடித்து, 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். அரை கிலோ உருளைக்கிழங்குத் துண்டுகளை அரைவேக்காடாக அவித்து, ஆவி அடங்கும்வரை உலர்த்துங்கள். ஈரம் நின்றால் மொறுமொறுப்பு வராது. பிறகு அந்த எண்ணெயில் புரட்டி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 35–40 நிமிடம் வையுங்கள். எண்ணெய் படாத இலை கருகிக் கசக்கும்.

பீன்ஸ் சூப்புக்கு இடிக்கவே வேண்டாம். மெல்லிய துணியில் முடிந்து ஆரம்பத்திலேயே போட்டு, இறக்கும்போது எடுத்துவிடுங்கள். உள்ளங்கையில் கசக்கியும் மணம் வரவில்லையா? பழைய சரக்கு, மாற்றிவிடுங்கள்.