ஆயிலில் கூலன்ட் இறங்குகிறதா? வீட்டிலேயே பார்க்கும் வழி

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் காபி நிற நுரை. உடனே "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று தலையில் கை வைக்க வேண்டாம். (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்தான் கூலன்ட். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில், அதுவும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடாகாது. உள்ளே வேர்க்கும் ஈரமே மூடியில் இப்படிப் படியும்.

முதலில், இன்ஜின் ஆறிய பின் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) உருவுங்கள். ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட் டப்பாவிலும் அளவு குறையவில்லை என்றால் பெரும்பாலும் அந்த வேர்வைதான். ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தாலோ, ஊற்றாமலே மட்டம் ஏறி கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ, அதற்குமேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேரிங் போய்விடும். (டீசல் வண்டியில் எரியாத டீசல் இறங்கியும் ஆயில் மட்டம் ஏறும். மட்டத்தை மட்டும் நம்பாதீர்கள்.)

அடுத்த சோதனைக்குச் செலவே இல்லை. வண்டியைச் சமதளத்தில் இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். ஆயிலைவிடக் கனமான கூலன்ட், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் அடியில் போய்த் தங்கும். காலையில், ஆயிலை வடிக்க அங்கே இருக்கும் டிரெயின் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல், சொட்டும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, முதல் சொட்டுகளை வெள்ளை டப்பாவில் பிடியுங்கள். பச்சையோ சிவப்போ, உங்கள் கூலன்ட்டின் நிறத்தில் தண்ணீர் வந்தால் சந்தேகமே இல்லை.

சில சமயம் ஆயிலும் நீரும் கடைந்த மோர்போல் ஒன்றிவிடும், பிரியாது. அப்போது பழைய இரும்புக் கரண்டியைச் சூடாக்கி, அடுப்பைவிட்டுத் தள்ளி வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு சொட்டு விடுங்கள். கடுகு தாளிப்பதுபோல் படபடவென்று வெடித்தால் உள்ளே நீர் இருக்கிறது. அது வேர்வையா கூலன்ட்டா என்பதை இது சொல்லாது.

சரி, எங்கிருந்து இறங்குகிறது? இதற்கு ஒர்க்‌ஷாப் போகத்தான் வேண்டும். வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சிட்ட அழுத்தம்வரை ஏற்றுவார்கள். முள் இறங்கியும் வெளியே ஒழுகல் இல்லையென்றால் கசிவு உள்ளேதான். ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றிவிட்டு அதே அழுத்தத்தை ஏற்றினால் எந்தப் பக்கம் சொட்டுகிறது என்று பெரும்பாலும் கண்ணாலேயே தெரியும். கசியும் இடம் ஹெட் கேஸ்கெட், விரிசல் விட்ட ஹெட், ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். லாரி, டிராக்டர் என்றால் லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) ஓ-ரிங்கும், அதாவது அதன் ரப்பர் வளையமும் சேர்த்தி. கூலன்ட் ஓடும் ஆயில் கூலர் உங்கள் வண்டியில் இருந்தால், ஹெட்டில் கைவைக்கும் முன் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். எத்தனையோ ஹெட்டுகள் வீணாகக் கழற்றப்படுவது இந்த இடத்தில்தான்.

வடித்ததைத் திறந்து வைக்காதீர்கள். கூலன்ட் இனிக்கும், நாய் நக்கிவிடும், அது விஷம்.