டைல்ஸ் உடைந்ததா? நாமே மாற்றப் போய்ச் செய்யும் தவறுகள், ஆள் வைத்துச் செய்யும் தவறுகள்

சிலிண்டர் கொண்டுவந்தவருக்குச் சமையலறை வாசலில் கை நழுவியது. இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல் (கண்ணாடிபோல இறுகச் சுட்ட வகை) ஒன்று மூலைக்கு மூலை கீறல் விட்டுவிட்டது. நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும், கேஸ் மட்டுமே 14.2 கிலோ. அது விழுந்தால் எந்த டைல்தான் தாங்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் முதல் தவறு அதுதான். அடியில் கலவை முழுதாகப் பிடித்திருக்கும் டைல் பெரும்பாலும் ஒரு சில்லு பெயர்வதோடு தப்பித்துவிடும். இப்படிக் குறுக்கே பிளந்தால் அடியில் காலி இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

உடைந்ததும் வீட்டில் எழும் கேள்வி, நாமே மாற்றிவிடலாமா, மேஸ்திரியைக் கூப்பிடலாமா என்பது. உடனே எத்தனை டைல், கூலி எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறோம். அந்தக் கணக்கை அப்புறம் போடலாம். முதலில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தையோ ஸ்க்ரூடிரைவரின் பிடியையோ எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். உடைந்ததை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள டைல்களைத் தட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் தட்டினால் ஏமாந்துபோவோம், நான்கு மூலையையும் தட்ட வேண்டும். கெட்டியாக ஒலித்தால் சரி. காலிப் பானையைத் தட்டியது போல 'டொப்' என்று கேட்டால் சாக்பீஸால் குறி போடுங்கள். குறி உடைந்த இடத்தோடு நின்றால் அது ஒரு டைலின் சிக்கல், நீங்களே முயலலாம். குறிகள் வரிசையாக நீண்டால் தரையின் சிக்கல். என் வீட்டில் சமையலறையில் ஒரு குறிகூட விழவில்லை. சும்மா ஹாலையும் தட்டிப் பார்த்தேன், வெயில் விழும் பால்கனிப் பக்கம் பதினொன்று விழுந்தது.

இது எப்படி நேர்கிறது? நம் ஊரில் காலங்காலமாக மணல் சிமெண்ட் கலவையைப் பரப்பி, சிமெண்ட் பால் ஊற்றி, டைலை வைத்துத் தட்டுவார்கள். தண்ணீரை உறிஞ்சும் பழைய செராமிக் டைலுக்கு அது பொருந்தியது. விட்ரிஃபைடு டைல் அரை சதவீதம்கூட நீரை உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்டுக்கு அதில் பிடிமானம் கிடைப்பதில்லை. அதற்கு டைல் அட்ஹெசிவ் என்ற ஒட்டும் கலவைதான் பொருந்தும். அதையும் சிலர் முழுக்கப் பரப்பாமல் மூலைக்கொன்று, நடுவில் ஒன்று என ஐந்து உருண்டை வைத்து அமுக்கிவிடுகிறார்கள். இவ்வளவுக்கும் மேல் "கோடே தெரியாம ஒட்டிப் போடுங்க" என்று கேட்பவர்கள் நாம்தான். இடைவெளி இல்லாத தரை வெயிலில் விரிந்தால் போக இடமிருக்காது. ஒருநாள் மத்தியானம் பட்டாசு மாதிரி சத்தத்தோடு இரண்டு டைல்கள் கூரைபோல முட்டிக்கொண்டு எழும். அப்படி எழுந்ததை ஏறி மிதித்து அமுக்குவதும், சந்தில் சிமெண்ட் ஊற்றுவதும் வீண். சுற்றியுள்ளவை இன்னும் நெருக்கிக்கொண்டேதான் இருக்கும். மெஷின் வைத்து இணைப்புகளை அறுத்து நெருக்கத்தைத் தளர்த்த வேண்டும், அதை மேஸ்திரியிடம் விட்டுவிடுவதே நல்லது.

சரி, ஒரு டைல்தான், நாமே மாற்றுகிறோம். கையில் மாற்று டைல் இருக்கிறதா? கடையில் கிடைக்கும் என்று நம்பி உளியை எடுப்பது நான் அதிகம் பார்த்த தவறு. டைல் பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். பெயர் அதேயாக இருந்தாலும் பேட்ச் மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும், அளவும் ஒரு மில்லிமீட்டர் முன்பின் வரலாம். டைல் தொழிற்சாலைகள் நிறைந்த குஜராத்தின் மோர்பியில் அச்சுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, ஐந்து வருடத்துக்கு முந்தைய டிசைன் இன்று கிடைப்பது அதிர்ஷ்டம். பீரோவுக்கு அடியில் இருப்பதைப் பெயர்த்துப் போடலாம் என்பார்கள். முழுதாகப் பெயர்ந்து வந்தால் என்னிடமும் சொல்லுங்கள். கிட்டத்தட்டப் பொருந்தும் டைலைத் தேடி அலைவதைவிட, வேண்டுமென்றே வேறு நிறத்தில் ஒன்றைப் போட்டுவிடுவது கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்த தவறு, உளியை ஓரத்தில் வைப்பது. முதலில் சுற்றியுள்ள கிரவுட்டை (இடைவெளியை அடைத்திருக்கும் பூச்சை) ஆக்சா பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, டைலை நடுவில் உடைத்து வெளிப்பக்கமாக வர வேண்டும். ஓரத்தில் நெம்பினால் பக்கத்து டைல் சில்லு விடும், ஒன்று இரண்டாகும். பிளேடு நுழைய இடைவெளியே இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள், அது மெஷின் வேலை. பிறகு அடியிலுள்ள பழைய கலவையைப் புதிய டைலின் கனத்தோடு இன்னும் 3 முதல் 5 மில்லிமீட்டர் ஆழம் கிடைக்கும்வரை கொத்த வேண்டும். பொறுமை போவது இங்கேதான். கொத்தியது போதும் என்று ஒட்டினால் டைல் தூக்கி நிற்கும், ஆயுளுக்கும் கால் கட்டைவிரல் இடிபடும். இந்த அளவு டைலுக்கு அட்ஹெசிவ் இரண்டு மூன்று கிலோ போதும். அதற்காக 20 கிலோ மூட்டையைப் பிரித்தால் மிச்சம் மழைக்காலத்தில் கல்லாகிவிடும். ஒட்டியபின் 24 மணி நேரம் மிதிக்கக் கூடாது, கிரவுட்டும் மறுநாள்தான். அன்று ராத்திரியே அந்த வழியாகத்தான் சமையலறைக்குப் போயாக வேண்டும் என்றால், எப்போது செய்வது என்பதையும் யோசித்துவிட்டு இறங்குங்கள்.

கிரைண்டரை வாடகைக்கு எடுத்து மூடிய அறைக்குள் உலர்வாக அறுப்பது வேறு வகைத் தவறு. அந்த வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை, என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் வேண்டும். தண்ணீர் விட்டு அறுக்கலாம்தான், ஆனால் தண்ணீரும் கரண்டும் ஒரே கையில். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேலை செய்கிறதா என்று தெரியாதவர் அதில் இறங்க வேண்டாம்.

பாத்ரூம் தரையில் கை வைக்காதீர்கள். அடியில் வாட்டர்புரூஃபிங் இருக்கும், வாட்டம் இருக்கும், தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப் இருக்கும். உளி ஒரு அங்குலம் தவறினால் கீழ்வீட்டுக்காரர் உங்கள் கதவைத் தட்டுவார். மேஸ்திரியைக் கூப்பிட்டாலும், ஒழுகலுக்கு டைல்தான் காரணமென்று நீங்களாகவே முடிவு கட்டிச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் அந்த பாத்ரூமைப் பூட்டி வையுங்கள். அப்போதும் கீழே சொட்டினால் தண்ணீர் வரும் பைப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நின்றுவிட்டால், ட்ராப்பை அடைத்துத் தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் பாருங்கள். அப்போது கீழே ஓதம் பரவினால் தரை. இதைச் செய்யாமல் மொத்த டைலையும் பெயர்த்து, புதிது போட்டு, பழையபடி ஒழுகிய வீடுகள் எத்தனையோ.

செட்டிநாட்டு ஆத்தங்குடி கல் பதித்த தரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சூளையில் சுட்டதல்ல, கண்ணாடிமேல் வார்த்து உலரவைத்த சிமெண்ட் கல். அதற்கு ஆசிட்டும் ஆகாது, கண்ட கையும் ஆகாது.

ஆள் வைக்கும்போது நடக்கும் தவறு பெரும்பாலும் பேச்சில்தான். "ரெண்டு டைல்தானே" என்று சதுர அடி கணக்கு பேசினால் யாரும் வர மாட்டார்கள். மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் அது ஒரு நாள் பிழைப்பு. நாள் கூலி பேசி, கதவோர ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் டைல் பட்டை), பெயர்ந்த கிரவுட் என்று சேர்த்து வைத்த சில்லறை வேலைகளையும் அன்றே முடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து டைல் உடைந்தால் யார் பொறுப்பு, ரப்பீஸை (உடைத்த கழிவை) யார் அள்ளுவது என்பதை முன்பே பேசிவிட வேண்டும். எதில் ஒட்டப்போகிறீர்கள் என்று கேளுங்கள். "சிமெண்ட் பால்தான் சார், நாங்க எத்தனை வீடு பாத்திருக்கோம்" என்று பதில் வந்தால் அட்ஹெசிவை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். முதல் டைலை வைத்ததும் ஒருமுறை தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், பின்பக்கம் முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். நல்ல மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் வீட்டுக்கு வந்த மேஸ்திரி என் சாக்பீஸ் குறிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கரணைக் கட்டையால் தட்டி இன்னும் மூன்று குறி சேர்த்தார். "ஹாலு ஒரு டைலோட வேலை இல்ல சார். கிச்சன் வேணா நீங்களே போட்டுக்கோங்க." போட்டேன். அரை நாளில் முடியும் என்று நினைத்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது. ஒரு மூலை இன்னும் லேசாகத் தூக்கித்தான் இருக்கிறது. சிலிண்டர் வரும் நாளில் அதன்மேல் பழைய ரப்பர் மிதியடியை மடித்துப் போட்டுவைக்கிறேன்.