பழைய காருக்கு டோ பார் போடும் முன் ஒரு நிமிஷம்

பிரிட்டனில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி, அதில் ட்ரெய்லரோ சைக்கிள் ஸ்டாண்டோ மாட்ட நினைக்கிறவர்கள் எடுத்தவுடன் விசாரிப்பது டோ பார், அதாவது அவற்றை மாட்ட காரின் பின்பக்கம் பொருத்தும் இரும்புக் கொக்கி, என்ன விலை என்றுதான். விலையைக் கேட்பதற்கு முன் காரின் கதவைத் திறந்து, கதவு நிலையிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் வின் தகட்டை (காரின் அடையாள எண் பொறித்த தகடு) தேடிப் பாருங்கள். அதில் வரிசையாக நான்கு எடைகள் இருக்கும். முதல் எண் ஆட்களும் சாமான்களும் ஏறியபின் கார் இருக்கக்கூடிய அதிகபட்ச எடை, இரண்டாவது காரும் ட்ரெய்லரும் சேர்ந்த எடை. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் முழுச் சுமையோடு கார் எவ்வளவு இழுக்கும் என்பது தெரிந்துவிடும்: 3,200, 1,900 என்று இருந்தால் 1,300 கிலோ. இரண்டாவது எண்ணே இல்லையென்றால் அந்தக் காருக்கு இழுக்க அனுமதி இல்லை. பழைய ஹைப்ரிட் கார்கள் சிலவற்றில் இப்படித்தான், அதில் ட்ரெய்லர் ஆசையை விட்டுவிடுங்கள்.

பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் கணக்கு வேறு. 750 கிலோ, இல்லாவிட்டால் ஆட்களும் சாமான்களும் ஏறாத காரின் எடையில் பாதி, எது குறைவோ அதுதான் எல்லை.

சரி, இனி டோ பாருக்கு வருவோம். 1998 ஆகஸ்ட் 1 அன்றோ அதற்குப் பிறகோ வந்த கார் என்றால் அந்த மாடலுக்கென்றே அங்கீகாரம் பெற்ற பார்தான் போட வேண்டும், அதற்கான தகடு பாரிலேயே இருக்கும். நிலையான பார் விலை குறைவு, கழற்றி மாட்டும் பார் விலை கூடுதல். ட்ரெய்லரை மாட்டும் பாரின் நுனி உருண்டை, அதாவது பந்து, நம்பர் பிளேட்டை மறைக்கிறது என்றால், இழுக்காத நேரத்தில் கழற்றி வைக்கிற வகையை வாங்கிவிடுங்கள்.

உண்மையில் பணத்தைப் போட வேண்டிய இடம் வயரிங். நான் வாங்கிய காரில் ஏற்கெனவே டோ பார் இருந்தது, மகிழ்ச்சியாகத்தான் ஓட்டிவந்தேன். ஒரு மழை நாளில் இடது இண்டிகேட்டர் போட்டால் ட்ரெய்லரில் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கியது. டிக்கியின் பக்கவாட்டு அட்டையைக் கழற்றிப் பார்த்தால், காரின் வயர்களை நடுவில் கடித்துப் பிடித்திருக்கும் நீல பிளாஸ்டிக் கிளிப்புகள், உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது, வெள்ளை எர்த் வயரோ தொட்டதும் கையோடு வந்துவிட்டது. எர்த் விட்டுப்போனால் மின்சாரம் வேறு விளக்குகள் வழியாகத் திரும்பப் பார்க்கும், இந்தக் கண்ணாமூச்சியெல்லாம் அதனால்தான். எனவே டோ பாரோடு கார் வாங்கினால் அந்த அட்டையை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். கழற்றும் வகை என்றால் பந்தோடு கழன்று வரும் கழுத்தும் அதன் சாவியும் கையில் வந்ததா, துரு பிடிக்காமல் சுலபமாக மாட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு இரண்டு வழி. யுனிவர்சல் வயரிங் கிட் எந்தக் காருக்கும் பொருந்தும், பைபாஸ் ரிலே வைத்து பேட்டரியிலிருந்து தனியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பழைய எளிய காருக்கு அது போதும். ஆனால் விளக்குகளைக் கம்ப்யூட்டர் கவனிக்கிற கார் என்றால் அந்த மாடலுக்கான கிட்டையே வாங்குங்கள். பின்னால் ட்ரெய்லர் இருப்பது காருக்குத் தெரிந்தால்தான் ரிவர்ஸ் சென்சார் கத்தாமல் அடங்கும், ட்ரெய்லர் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதி காரில் இருந்தால் அதுவும் வேலை செய்யும். சில கார்களில் மாட்டிய பிறகு கோடிங் (காரின் கம்ப்யூட்டரில் டோ பாரைப் பதிவது) செய்ய வேண்டும், அந்தச் செலவும் சேர்ந்ததா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ட்ரெய்லர் வயரைச் செருகும் சாக்கெட்டில் 7 பின் சாதாரண ட்ரெய்லர் விளக்குகளுக்குப் போதும். கேரவன் இழுப்பவர்களுக்கு 13 பின் வேண்டும், ரிவர்ஸ் விளக்கு, ஃப்ரிட்ஜ், பேட்டரி சார்ஜ் எல்லாம் அதில் வரும். நான் 13 பின்னே போடச் சொல்வேன், 7 பின் ட்ரெய்லர் வந்தால் ஒரு அடாப்டர் போட்டுக்கொள்ளலாம்.

சைக்கிள் ஸ்டாண்டுக்கு மட்டும் என்றாலும் பந்து எவ்வளவு எடை தாங்கும் என்று பாருங்கள், ஸ்டாண்டும் சைக்கிள்களும் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. டோ பார் போட்டதை இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள். அப்புறம், மாட்டிய இடத்தை விட்டுக் கிளம்பும் முன் ட்ரெய்லரின் பின்விளக்குகள் பொருத்திய பலகையை சாக்கெட்டில் செருகி, ஒருவரை பின்னால் நிற்கவைத்து, இண்டிகேட்டர், பிரேக், ஃபாக் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.