ஸ்கேனரில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வர என்ன செய்யலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளில் ஒரு பழைய பிஸ்கட் டின் கட்டாயம் இருக்கும். பிறப்புப் பத்திரம், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையின் நகல், கிராணி (தோட்டத்து எழுத்தர்) பென்சிலில் எழுதிக் கொடுத்த சம்பளச் சீட்டு, மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் எல்லாம் அதற்குள்தான். பாட்டியின் டின்னை நான் ஸ்கேன் செய்தபோது ஒரு பக்கம் பால்வெள்ளை, அடுத்தது தேநீர் நிறம், பென்சில் எழுத்து பாதிக்கு மேல் காணோம். ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை, ஆட்டோ அமைப்பு ஒவ்வொரு தாளுக்கும் தனியாக முடிவெடுத்திருந்தது.

முதலில் துடைப்போம். மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள், கண்ணாடிமேல் நேராக எதையும் ஊற்றாதீர்கள், உள்ளே இறங்கிவிடும். தாள் தானாக இழுக்கும் வகை என்றால் ஒல்லியான ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும், அதில் ஒரே ஒரு தூசி இருந்தாலும் பக்கம் முழுக்க நெடுங்கோடு விழும். குழல்விளக்கு உள்ள பழைய ஸ்கேனரை ஒரு கால் மணி நேரம் முன்னாலேயே போட்டு வையுங்கள். எல்இடி என்றால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் மென்பொருளின் அமைப்புகளில் ‘கேலிபிரேட்’ (ஸ்கேனர் தன் அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால் அதை ஓடவிடுங்கள். ஸ்கேனரோடு கூடவே அதற்கான வெள்ளைத் தாள் கொடுத்திருந்தால் அதையே வையுங்கள், கடைத் தாள் வேண்டாம்.

இப்போதுதான் முக்கியமான வேலை. ஆட்டோ எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவைத் தானே மாற்றுவது), ஆட்டோ கலர், பின்னணி நீக்கம், கூர்மையாக்கல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), 24 பிட் வண்ணம் (முழு வண்ணம்), டிஃப் (TIFF) படக் கோப்பு என்று வைத்து, அந்த அமைப்பை ஒரு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை, அழகுபடுத்துவதைப் பிறகு நகலில் செய்யலாம்.

ஒரு சோதனைத் தாள் தயார் செய்யுங்கள். வெள்ளை அட்டையில் ஒரு கறுப்புக் கட்டம், ஒரு சாம்பல் கட்டம், பென்சிலில் நாலு வரி, ஓரத்தில் பள்ளிக்கூட அடிக்கோல். அதை ஸ்கேன் செய்து, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் (GIMP) என்ற படத்தொகுப்பு மென்பொருளில் திறந்து, நிறம் எடுக்கும் கருவியால் வெள்ளையைத் தொட்டுப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று வரும் மூன்று எண்களும் 240க்கும் 250க்கும் நடுவில் இருந்தால் நல்லது. 255ஐத் தொட்டால் வெளிச்சம் அதிகம், மெல்லிய பென்சில் கோடு அதில் கரைந்துபோகும், எக்ஸ்போஷரைக் கையால் குறையுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் நிறம் சாய்கிறது என்று அர்த்தம். அடிக்கோலில் 10 செ.மீ. நீளம் சுமார் 1181 பிக்சல் வர வேண்டும், இல்லாவிட்டால் டிபிஐ வேறு எங்கோ மாறியிருக்கிறது.

மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால் மேலே ஒரு கறுப்புத் தாள் வையுங்கள், மறைந்துவிடும், ஆனால் பக்கம் சற்று இருண்டு வரும். அதனால் அந்த மாதிரித் தாள்களைத் தனியாக ஒரே நாளில் எடுங்கள்.

ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது இதே சோதனைத் தாளை ஒரு முறை எடுத்து எண்களைக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று எண் ஏறி இறங்கினால் சரி, அதற்கு மேல் போனால் மறுபடி துடைத்து கேலிபிரேட் செய்யுங்கள். சோதனைத் தாளை வெயில் படாத உறையில் வையுங்கள். பிஸ்கட் டின்னில் மட்டும் வேண்டாம். என்னுடையதைப் பாட்டி நாலாக மடித்து, ரப்பர் வளையம் போட்டு, பங்குப் பத்திரத்தோடு சேர்த்துவிட்டார்.