காமிக்ஸ் வாசிப்பிலும் சேகரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் நந்தனத்துப் புத்தகக் காட்சியில் பை நிறையக் காமிக்ஸ் வாங்கிச் செல்லும் இளைஞர்களைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைக் கடைகளிலும், 1985-இல் மூர் மார்க்கெட் தீக்கிரையான பிறகு பழைய புத்தக வியாபாரிகள் குடியேறிய அல்லிக்குளம் வளாகத்திலும், “பழைய லயன் இருக்கிறதா, முத்து இருக்கிறதா?” என்று தமிழ் காமிக்ஸ் இதழ்களைக் கேட்டு நிற்பவர்களையும் பார்க்கிறேன். அவர்களில் சிலர் வாரந்தோறும் என்னிடம் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்பதுண்டு. அப்படிப் பேசும்போதெல்லாம், எங்கள் தலைமுறை வாசகர்கள் செய்த அதே தவறுகளை இவர்களும் ஒன்று விடாமல் செய்துகொண்டிருப்பது தெரிகிறது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவது, தேநீர்க் கோப்பையைப் புத்தகத்தின் மேல் வைப்பது போன்றவற்றை எல்லாரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தொடர்கதையை நடுவில் தொடங்குவது

கையில் கிடைத்த இதழிலிருந்து தொடங்கிவிடலாம் என்பது எல்லா நாயகர்களுக்கும் பொருந்தாது. 1948-இல் போனெல்லியும் கலெப்பினியும் இத்தாலியில் உருவாக்கிய டெக்ஸ் வில்லரின் சாகசங்களில் பெரும்பாலானவை தம்மளவில் முழுமை பெற்றவை; எந்த இதழை எடுத்தாலும் படிக்கலாம். லக்கி லுக்கும் அப்படித்தான். ஆனால் ‘ரத்தப் படலம்’ முற்றிலும் வேறு வகையானது. நினைவை இழந்து கரையொதுங்கிய ஒரு மனிதன், கழுத்தெலும்பின் அருகே பச்சை குத்தப்பட்டிருக்கும் பதிமூன்று என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, தான் யார் என்று தேடுகிறான். ஒவ்வொரு பாகத்திலும் அவனுக்கு ஓர் அடையாளம் கிடைக்கிறது, அடுத்து அது பொய்த்துப்போகிறது. அந்த வரிசைதான் அந்தக் கதையின் உயிர். நடைபாதையில் கிடைத்தது என்பதற்காக ஏழாம் பாகத்தை முதலில் படித்தவர், முதல் ஆறு பாகங்களின் திகைப்பையும் வீணடித்துவிடுகிறார். இத்தனைக்கும் அந்தத் தொடர் தமிழில் 2010-இல் கறுப்பு வெள்ளையிலும் 2018-இல் வண்ணத்திலும் தொகுப்பாகவே வந்திருக்கிறது.

கேப்டன் டைகரின் ‘மின்னும் மரணம்’ தங்க வேட்டையில் தொடங்கி, நாயகனின் பெயர் கெட்டு, அவன் தேடப்படும் குற்றவாளியாகி, வெகு தூரம் சென்ற பின்பே முடிவுக்கு வருவது. அதையும் 2015-இல் வெளியான தொகுப்பில் வரிசையாகத்தான் படிக்க வேண்டும். இரும்புக்கை மாயாவியை எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றாலும், 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த கதையை முதலில் படித்துவிடுவது நல்லது. பிற்காலத்தில் அரசின் உளவாளியாக வரும் அந்த மனிதர், ஆய்வுக்கூட விபத்தில் மறையும் ஆற்றலைப் பெற்றவுடன் முதலில் இறங்கியது குற்றச் செயல்களில்தான் என்பதை அறிந்தவருக்கே பின்னால் வரும் கதைகளின் கனம் புரியும்.

கறுப்பு வெள்ளையை மட்டம் என்று ஒதுக்குவது

வண்ணத்தில் இல்லையென்றால் மலிவுப் பதிப்பு என்று நினைக்கும் புதியவர்கள் பலர். டெக்ஸ் வில்லரின் மாத இதழ் இத்தாலியிலேயே கறுப்பு வெள்ளையில்தான் வருகிறது. ஒவ்வொரு நூறாவது இதழுக்கும் வண்ணம் தருவது அவர்கள் வழக்கம். அந்த ஓவியர்கள் மையை நம்பி வரைந்தவர்கள். பள்ளத்தாக்கின் இரவும், குதிரைக் குளம்பில் எழும் புழுதியும், தொப்பியின் நிழலில் பாதி மறைந்த முகமும் தூரிகைக் கோடுகளாலேயே முழுமை பெற்றிருக்கும்போது, அங்கே வண்ணம் இல்லையே என்று ஏங்குவதற்கு எதுவுமில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. டைகரும் ரத்தப் படலமும் வண்ணத்துக்காகவே வரையப்பட்டவை. டைகரை வரைந்த ஜிரோவின் பாலைவனத்தில் மாலை வெயில் எந்தப் பாறையில் விழுகிறது என்பதை வண்ணமே சொல்கிறது. அதைக் கறுப்பு வெள்ளையில் படிப்பவருக்குப் பக்கத்தில் பாதி கிடைப்பதில்லை. ஆகவே வாங்குவதற்கு முன்பு ஓவியர் எதை மனத்தில் வைத்து வரைந்தார் என்பதைத் தெரிந்துகொண்டு, டெக்ஸைக் கறுப்பு வெள்ளையிலும் டைகரை வண்ணத்திலும் தேடுங்கள்.

ஓரத்தை வெட்டி பைண்டிங் செய்வது

இந்த ஒரு தவற்றைப் பற்றி மட்டும் நீளமாக எழுதுகிறேன். மற்ற தவறுகளால் ஒரு கதையின் சுவை குறையும், அல்லது சில நூறு ரூபாய் போகும். இதனாலோ இனிமேல் கிடைக்காத இதழ்களே போய்விடுகின்றன. எத்தனை பேரிடம் சொல்லியும் இது நிற்கவில்லை என்பதால், இதை எழுதும்போதே எரிச்சல் மூளுகிறது.

வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, காலிகோ முதுகு வைத்துக் கட்டிப் பாதுகாப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அந்தப் பக்கங்களில் நான்கு புறமும் தாராளமாக இடம் விட்டே எழுத்துகள் அச்சாகியிருந்தன. பைண்டர் கட்டிங் மெஷினில் வைத்து ஓரத்தைச் சீராக்கினாலும் ஒரு சொல்லும் குறைந்ததில்லை. அதே பழக்கத்தில் காமிக்ஸையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். காமிக்ஸ் பக்கத்திலோ படம் விளிம்புவரை வந்து நிற்கிறது. ஐரோப்பாவின் பெரிய ஆல்பம் பக்கங்களைச் சிறிய அளவுக்குச் சுருக்கி அச்சிட்ட இதழ்களில், மேல் விளிம்புக்கும் வசனம் அடங்கிய முதல் பலூனுக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர்தான்.

இதில் பலரும் கவனிக்காத இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, நடுவில் பின் அடித்த இதழில் உள்பக்கங்கள் வெளிப்பக்கங்களைவிடச் சற்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும் என்பதால், அச்சகத்திலேயே வெட்டும்போது நடுப்பக்கங்களின் ஓரம் ஏற்கனவே கூடுதலாகக் குறைந்திருக்கிறது. இரண்டாவது வெட்டு விழும்போது முதலில் அடிபடுவதும் அந்தப் பக்கங்களே. இரண்டாவது நுட்பம் இன்னும் மோசமானது. லயன் காமிக்ஸ் 1984-இல் தொடங்கிய நாளிலிருந்து இதழ்களின் அளவு பலமுறை மாறியிருக்கிறது. அளவு வேறுபட்ட இதழ்களை ஒரே கட்டாகக் கொடுத்தால், அடுக்கு சமமாக வர வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் இருப்பதிலேயே சிறிய இதழின் அளவுக்கு வெட்டிவிடுவார்கள்.

பெரம்பூரைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கடை கடையாக அலைந்து, வெவ்வேறு ஆண்டுகளில் வெளிவந்த டெக்ஸ் கதைகளைச் சேர்த்துவந்தார். சில இதழ்களுக்கு அவர் கொடுத்த விலை, மாணவர் ஒருவருக்குச் சிறிய தொகை அன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றையெல்லாம் கருஞ்சிவப்பு ரெக்ஸின் அட்டையில், முதுகில் பொன்னெழுத்தில் பெயர் பொறித்து, முகம் மலரக் கொண்டுவந்து காட்டினார். புரட்டிப் பார்த்தேன். மேல் வரிசையின் பலூன்களில் முதல் வரியின் தலை போயிருந்தது. மெய்யெழுத்துகளின் புள்ளிகள் எல்லாம் வெட்டோடு போய்விட்டதால், எஞ்சியிருந்த எழுத்தை ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தில் பாறைக்குப் பின்னாலிருந்து ஒருவன் டெக்ஸைக் குறிவைக்கிறான். துப்பாக்கிக் குழாயும் புகையும் இருந்தன, பிடித்திருக்கும் கையும் ஆளும் இல்லை. பக்க எண்கள் எங்கும் இல்லை. பக்கவாட்டில் ஊசியால் குத்தித் தைத்திருந்ததால், முதுகை ஒட்டிய கட்டங்கள் தையலுக்குள் புதைந்துவிட்டன. அவற்றைப் பார்ப்பதற்காக விரித்துப் பிடித்தால் முதுகு முறிகிறது.

அதற்கும் மேலான இழப்பு ஒன்று இருந்தது. அட்டைகளையும், ஆசிரியரின் ஹாட்லைன் பகுதியையும், வாசகர் கடிதங்களையும், அடுத்த வெளியீட்டு விளம்பரங்களையும் ‘கதையில்லாத பக்கங்கள்’ என்று கருதிக் கிழித்துப் போட்டிருந்தார்கள். தமிழ் காமிக்ஸின் வரலாற்றை எழுத நினைப்பவருக்கு அந்தப் பக்கங்கள்தான் முதல் ஆதாரம். எந்தக் கதை எப்போது அறிவிக்கப்பட்டது, எது தள்ளிப்போனது, விலை ஏன் ஏறியது, வாசகர்கள் எதைக் கேட்டார்கள் என்பவை வேறெங்கும் பதிவாகவில்லை. “வெட்டாமலும் பைண்டிங் போட முடியுமா சார்?” என்று அந்த மாணவர் கேட்டார். முடியும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

பைண்டரைக் குறை சொல்வதில் பொருளில்லை. எதுவும் சொல்லாமல் கொடுத்தால், மூன்று புறமும் வெட்டிச் சமமாக்கித் தருவதே அவர் தொழிலின் நேர்த்தி. சொல்ல வேண்டியவர் கொடுப்பவர்தான். துருப்பிடித்த பின்களை நீக்கி, அதே துளைகளின் வழியே பருத்தி நூலால் மடிப்பில் தைக்கச் சொல்லுங்கள்; பக்கவாட்டுத் தையல் கூடாது. அட்டை உட்பட ஒரு தாளையும் எடுக்கக் கூடாது. ஒரே அளவுள்ள இதழ்களை மட்டும் ஒரு கட்டாகக் கொடுங்கள். மைதாப் பசை பூச்சியை அழைக்கும் என்பதால், மயில்துத்தம் கலக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டின் மேலேயே ஒரு சீட்டில் ‘ஓரம் வெட்டக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது, மெஷினில் நிற்கும் உதவியாளருக்குப் போய்ச் சேராது. இத்தனையும் நடக்காது என்று தோன்றினால் பைண்டிங்கே வேண்டாம். இதழ்களைப் படுக்கையாக அடுக்கி வைக்கும் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி செய்யச் சொல்வது எளிது, செலவும் குறைவு, இதழும் அச்சான உருவத்திலேயே இருக்கும்.

செல்லோ டேப்

ஒட்டாதீர்கள். பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகும், படமும் அதனோடு போகும்.

பீரோவின் கீழ்த்தட்டு

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு விளக்கம் தேவையில்லை.

பாலித்தீன் உறையில் போட்டு மறந்துவிடுவது

செய்தித்தாள் ரகக் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் மிகுதியாக இருப்பதால், வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுப்பேறி நொறுங்குகிறது. அதைத் தடுக்கவே உறையில் போடுகிறார்கள். ஆனால் கடற்காற்றின் ஈரம் ஏறிய இதழை அப்படியே இறுக மூடினால், ஈரமும் உள்ளேயே தங்கிவிடும்; பின் துருப்பிடிக்கும், பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் தேடி வரும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, தையில் காற்று உலர்ந்த பிறகு, நிழலில் விரித்து ஆறவிட்டு உறையிடுங்கள். பீரோவைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

மறுபதிப்பைப் பார்க்காமல் பணத்தைக் கொட்டுவது

கதையைப் படிக்க வேண்டுமா, அந்தப் பழைய இதழையே வைத்திருக்க வேண்டுமா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். படிப்பது மட்டுமே நோக்கமென்றால், மாயாவி, ஸ்பைடர், டெக்ஸ் கதைகள் பலவும் நல்ல தாளில் மறுபதிப்பாகிவிட்டன. மாறாக, புதிய வெளியீடுகளைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் தவறுதான். தமிழில் குறைந்த பிரதிகளே அச்சாகின்றன; சந்தா கட்டாமல் இருந்துவிட்டு, அச்சு நின்ற தொகுப்பைப் பல மடங்கு விலைக்குத் தேடுபவர்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன்.

பேச்சில்லாத கட்டங்களைத் தாண்டிப் போவது

புத்தகக் காட்சியில் வாங்கிய அனைத்தையும் ஒரே வாரத்தில் முடிக்க நினைப்பவர்கள் பலூன்களை மட்டும் படித்துக்கொண்டு ஓடுகிறார்கள். கதையின் முக்கியமான திருப்பங்களைப் பெரும்பாலும் ஓவியர் பேச்சில்லாத கட்டங்களில்தான் வைக்கிறார். பக்கம் புரட்டும் இடத்தையும் கணக்கிட்டே அவர் வரைகிறார்; வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருவன் திடுக்கிட்டுத் திரும்பினால், எதைக் கண்டு திரும்பினான் என்பது தாளைப் புரட்டிய பிறகே தெரிய வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. ஆகவே புதிய பக்கத்தை விரித்தவுடன் படிக்கத் தொடங்காமல், முதலில் பக்கம் முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு முதல் பலூனுக்கு வாருங்கள்.

வாரத்துக்கு மூன்று இதழ்கள் போதும் என்பது என் கணக்கு. மூன்றும் மூன்று வகையாக இருக்க வேண்டும். இந்த வாரத்துக்கு ஒரு டெக்ஸும், ஒரு லக்கி லுக்கும், ‘மின்னும் மரணம்’ தொகுப்பின் முதல் பாகமும் எடுத்து வைத்திருக்கிறேன். லக்கி லுக்கைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் ஓவியர் மோரிஸின் கோடுகள்: லக்கியின் குதிரை ஜாலி ஜம்பர் கண்ணை உருட்டும் சிறிய கட்டத்தில்கூட ஒரு கோடு மிகுதியாக இருக்காது. டைகரை ஞாயிறு மதியத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன், ஏனென்றால் ஜிரோவின் ஒரு பக்கத்தை முழுமையாகப் பார்க்க நல்ல பகல் வெளிச்சமும் அவசரமில்லாத நேரமும் வேண்டும்.