கடைத்தெரு ஆங்கிலம்: காபிப் பொடி பாக்கெட்டிலிருந்து தொடங்குவோம்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ கடைக்குப் போய்ச் சாமான் வாங்க ஆங்கிலம் பேச வேண்டியதில்லை. கடைக்காரர் தமிழில்தான் பேசுவார். ஆனால் அவர் எடுத்துக் கொடுக்கும் பாக்கெட்டும், வாசலில் தொங்கும் தள்ளுபடித் தட்டியும், கடைசியில் கையில் தரும் பில்லும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நம் காசு எதற்குப் போகிறது என்பது நமக்கே புரியாமல் இருக்கக் கூடாது. அதனால்தான் முதலில் படிக்கவும் பிறகு பேசவும் பழகச் சொல்கிறேன். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும். நூறு சொற்களை மனப்பாடம் செய்யும் வேலையெல்லாம் வேண்டாம்.

முதல் படி: பாக்கெட்டைத் திருப்புங்கள்

வீட்டில் இருக்கும் காபிப் பொடி பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் விளம்பரம், நமக்கு வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

‘நெட் குவான்டிட்டி’ அல்லது ‘நெட் வெயிட்’ என்றால் உறையின் எடை சேராமல் உள்ளே இருக்கும் பொருளின் எடை மட்டும். அருகில் ‘எம்.ஆர்.பி.’ என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். மேக்சிமம் ரீட்டெயில் பிரைஸ், அதாவது அதிகபட்சச் சில்லறை விலை. அதையொட்டி ‘இன்க்ளூசிவ் ஆஃப் ஆல் டாக்சஸ்’ என்று இருப்பதைத் தேடுங்கள். எல்லா வரிகளும் இதற்குள்ளேயே அடங்கிவிட்டன என்று பொருள். ஆகவே இந்த விலைக்கு மேல் ஜி.எஸ்.டி. என்றோ, குளிர்பானம் என்றால் ‘கூலிங் சார்ஜ்’ என்றோ தனியாகக் கேட்கக் கூடாது. குறைத்து விற்கத் தடையில்லை.

இப்போது ‘யூனிட் சேல் பிரைஸ்’ என்றும் அச்சிடுகிறார்கள். ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி லிட்டர் என்ன விலை என்ற கணக்கு அது. சின்ன பாக்கெட் லாபமா, பெரிய பாக்கெட் லாபமா என்ற குழப்பத்தை இந்த ஒரு வரி தீர்த்துவிடும்.

அடுத்தது தேதி. ‘பேக்டு ஆன்’ என்றால் பொட்டலம் கட்டிய நாள். ‘பெஸ்ட் பிஃபோர் சிக்ஸ் மந்த்ஸ்’ என்றால் பொருள் தன் மணமும் சுவையும் மாறாமல் ஆறு மாதம் இருக்கும். அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்: மார்ச் 10 அன்று பொட்டலம் கட்டியது என்றால் செப்டம்பர் 10 வரை. ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ என்று இருந்தால் கண்டிப்பு அதிகம். அந்தத் தேதிக்குப் பிறகு உபயோகிக்கவே கூடாது. மருந்துக் கடையில் நீங்கள் பார்ப்பது இந்த எக்ஸ்பைரியைத்தான்.

காபிப் பொடியில் மட்டும் இருக்கும் ஒரு வரியை நம் ஊர்க்காரர்கள் தவறவிடவே கூடாது. சிக்கரி கலந்த பொடி என்றால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் எழுதியே ஆக வேண்டும். சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ‘பிளெண்ட்’ என்றால் கலவை, ‘பர்சென்ட்’ என்றால் சதவீதம். டிகிரி காபிக்குப் பேர்போன ஊரில் இந்த இரண்டு சொற்களும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாம் படி: ஆடித் தள்ளுபடித் தட்டி

ஆடி மாதம் ஜவுளிக்கடை வாசலில் ‘ஃபிளாட் 50% ஆஃப்’ என்று இருந்தால் எல்லாத் துணிக்கும் பாதி விலை. ‘அப் டூ 50% ஆஃப்’ என்று இருந்தால் அதிகபட்சம் 50 சதவீதம். நீங்கள் எடுக்கும் புடவைக்கு ஐந்து சதவீதம்தான் குறையலாம். அந்த ‘அப் டூ’ மட்டும் பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். ‘பை டூ கெட் ஒன்’ என்றால் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் ‘கண்டிஷன்ஸ் அப்ளை’ என்ற வரியும் இருந்தால், என்ன நிபந்தனை என்று கேட்ட பிறகே புடவையைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: நகைக்கடை பில்

குறுவையோ சம்பாவோ அறுத்து நெல் போட்ட பணம், கல்யாண வீட்டில் நேராகப் போய்ச் சேரும் இடம் நகைக்கடை. இங்கே நிதானம் வேண்டும்.

‘கிராஸ் வெயிட்’ என்பது கல்லோடு சேர்ந்த மொத்த எடை. கல்லைக் கழித்துவிட்டுத் தங்கத்தை மட்டும் சொல்வது ‘நெட் வெயிட்’. தங்கத்தின் விலையை நெட் வெயிட்டுக்குத்தான் போட வேண்டும். ‘மேக்கிங் சார்ஜ்’ என்பது செய்கூலி. ‘வேஸ்டேஜ்’ அல்லது ‘வி.ஏ.’ (வேல்யூ அடிஷன்) என்று இருப்பது சேதாரம். ‘916’ என்றால் 22 காரட், அதாவது 91.6 சதவீதம் தங்கம். ‘எச்.யூ.ஐ.டி.’ என்பது ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும் ஆறு இலக்கக் குறியீடு. எழுத்தும் எண்ணும் கலந்து வரும். நகையில் இருப்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். கடைசியாக ‘சி.ஜி.எஸ்.டி.’ ஒன்றரை, ‘எஸ்.ஜி.எஸ்.டி.’ ஒன்றரை, ஆக மூன்று சதவீத வரி. ஒன்று மத்திய அரசுக்கு, ஒன்று மாநில அரசுக்கு.

நான்காம் படி: வாயைத் திறப்போம்

பிள்ளை வேலை பார்க்கும் பெங்களூருக்கோ புனேவுக்கோ போகும்போது பேச வேண்டி வரும். நான்கு வாக்கியங்கள் கைவசம் இருந்தால் போதும்.

விலை கேட்க: ‘ஹவ் மச் இஸ் திஸ்?’
வேறு அளவு கேட்க: ‘டூ யூ ஹாவ் எ பிகர் சைஸ்?’
போட்டுப் பார்க்க: ‘கேன் ஐ ட்ரை திஸ் ஆன்?’
வெறுமனே சுற்றிப் பார்க்கும்போது விற்பனையாளர் பக்கத்தில் வந்து நின்றால்: ‘ஐ ஆம் ஜஸ்ட் லுக்கிங், தேங்க் யூ.’

தமிழில் ‘கொடுங்கள்’ என்ற முடிவிலேயே மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்று மட்டும் சொன்னால் அதட்டுவது போல இருக்கும். ‘ப்ளீஸ்’ சேர்த்துவிடுங்கள். பேரம் பேசும்போது ‘டூ காஸ்ட்லி’ என்று முகத்துக்கு நேராகச் சொல்வதைவிட ‘கேன் யூ கிவ் மீ எ பெட்டர் பிரைஸ், ப்ளீஸ்?’ என்று கேட்பது எடுபடும்.

ஐந்தாம் படி: திருப்பிக் கொடுக்கும்போது

‘எக்ஸ்சேஞ்ச்’ என்றால் மாற்றுப் பொருள். ‘ரீஃபண்ட்’ என்றால் பணம் திரும்பக் கிடைக்கும். ‘கிரெடிட் நோட்’ என்றால் அதே கடையில் பிறகு வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு. மூன்றும் வேறு வேறு. எது தருவார்கள் என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பில்லின் அடியில் ‘கூட்ஸ் ஒன்ஸ் சோல்ட் வில் நாட் பி டேக்கன் பேக்’ என்ற வரியைப் பலர் பார்த்திருப்பீர்கள். விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறது. வாங்கிய பிறகு நிறம் பிடிக்கவில்லை என்றால் வாதாட இடம் குறைவு. ஆனால் பொருளில் குறை இருந்தால் இந்த வரி செல்லாது. பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படித்தான்.

பொருளையும் பில்லையும் மேசையில் வைத்து, ‘திஸ் இஸ் டிஃபெக்டிவ். ஐ வான்ட் எ ரீஃபண்ட், ப்ளீஸ்’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். கடையில் கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலேயே பேசலாம்.