ஏற்காட்டு வீட்டில் ஜெனரேட்டரையும் யு.பி.எஸ்.ஸையும் சேர்த்து இயக்குவது எப்படி?

கோடை மழைக் காற்றில் சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து மின்கம்பியில் விழுந்துவிட்டால், ஏற்காட்டில் மின்சாரம் திரும்பப் பல மணி நேரம் ஆகலாம். யு.பி.எஸ். பேட்டரி அதுவரை தாங்காது என்பதால்தான் ஜெனரேட்டர் வாங்குகிறோம். ஆனால், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யு.பி.எஸ். அதை ஏற்காமல் பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருப்பதை இங்கே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். யு.பி.எஸ். பழுதாகிவிட்டது என்று கருதி அதைச் சேலத்துக்குச் சுமந்து செல்கிறார்கள். பெரும்பாலும் குறை ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலைகள்). வீடுகளில் வைக்கும் சிறிய ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றின் என்ஜின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால்தான் அந்த 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். யு.பி.எஸ். தன் சுமையை ஒரேயடியாக ஏற்றும்போது என்ஜின் திணறி வேகம் குறைகிறது, உடனே யு.பி.எஸ். அந்த மின்சாரத்தை ஒதுக்கிவிட்டுப் பேட்டரிக்கு மாறுகிறது, சுமை இறங்கியதும் என்ஜின் மீண்டும் சீராகிறது, யு.பி.எஸ். மீண்டும் ஏற்கிறது, மீண்டும் ஒதுக்குகிறது. இந்த ஊசலாட்டம் நிற்க வேண்டுமானால் ஜெனரேட்டரின் அளவை முதலில் சரியாகக் கணக்கிட வேண்டும்.

மலையில் இந்தக் கணக்கு மாறுகிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால், சாதாரண என்ஜின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 விழுக்காடு திறனை இழக்கிறது. கீழே கடையில் 2 கே.வி.ஏ. (ஜெனரேட்டர் திறனின் அளவு) என்று வாங்கியது இங்கே சுமார் 1.7 கே.வி.ஏ. அளவுக்குத்தான் உழைக்கும். பெட்ரோல் என்ஜின் கரும்புகை விட்டால், மலை உயரத்துக்கு ஏற்ப கார்புரேட்டர் ஜெட்டை (என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளையுள்ள பாகம்) மாற்றித்தரச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

விளக்கு, மின்விசிறி, கணினி எல்லாம் சேர்ந்து 400 வாட் என்று வைத்துக்கொள்வோம். காலியான 150 ஆம்பியர்-மணி பேட்டரியை 15 ஆம்பியரில் ஏற்றுவதற்கு மேலும் 250 வாட் போல வேண்டும். பலர் மறந்துவிடுவது இந்தச் சுமையைத்தான். மொத்தம் 650 வாட். இதைப் போல இருமடங்கு திறன் இருந்தால்தான் யு.பி.எஸ். நிம்மதியாக ஏற்கும் என்பதால், ஏற்காட்டில் 2 கே.வி.ஏ.வுக்குக் குறைவாக வாங்க வேண்டாம். பணம் இடம் கொடுத்தால் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரையே வாங்குங்கள். என்ஜின் வேகம் மாறினாலும் அதன் வெளியீடு சீராக இருக்கும்.

அளவு சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால், இன்வெர்ட்டர் என்றும் அழைக்கப்படும் வீட்டு யு.பி.எஸ்.கள் பலவற்றில் இருக்கும் ‘யு.பி.எஸ்.’, ‘நார்மல்’ என்ற தேர்வைப் பாருங்கள். ‘நார்மல்’ நிலை வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை அதிகம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அந்த நிலையில் மாறும் நேரம் கூடுவதால் கணினி அணைந்து மீளலாம்.

இணைப்பில் சமரசமே கூடாது. ஜெனரேட்டர் ஒயரை வீட்டுப் பிளக் பாயிண்டில் சொருகினால் மின்சாரம் வெளியே கம்பிக்குப் போய், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைப் பறித்துவிடும். வீட்டை வெளிக் கம்பியோடோ ஜெனரேட்டரோடோ ஒன்றோடு மட்டும் இணைத்து, மற்றதன் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். குளிருக்காகக் கதவு ஜன்னல்களை அடைத்து வைக்கும் மலை வீட்டில் ஜெனரேட்டரை உள்ளேயோ தாழ்வாரத்திலோ ஒருபோதும் ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

மின்சாரம் போனதும் ஜெனரேட்டரைச் சுமையின்றி இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள், அதுவரை யு.பி.எஸ். தாங்கும். பிறகு சேஞ்ச் ஓவரைத் திருப்பி, யு.பி.எஸ். ஏற்றுக்கொண்டதை உறுதிசெய்துகொண்ட பின்னரே ஃப்ரிட்ஜ் போன்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். மின்சாரம் வந்தபின் சுவிட்சை மீண்டும் பழைய பக்கத்துக்குத் திருப்பி, என்ஜின் சூடு தணியச் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்துங்கள்.